போய்ச் சேராத பொதிச்சோறு

தாணுலிங்கம் சோறு தின்று பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. திருவனந்தபுரத்தில் பிறந்து, மூன்று வேளையும் சோற்றைப் பிசைந்து அடித்து வளர்ந்த ஒரு தமிழன், கப்பல்படையிலிருந்து திரும்பி வந்த நாள் முதலாகச் சப்பாத்தியும் கோதுமைக் கஞ்சியுமாகக் காலத்தை ஓட்டுகிறான் என்றால் ஊர் சும்மா இருக்குமா? வலியசாலைக்குப் பின்பக்கச் சந்தில் அவனுக்குச் 'சப்பாத்தி அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சர்க்கரை வியாதி என்றார்கள் சிலர். வடக்கே எவளோ ஒரு பஞ்சாபிக்காரி சமைத்துப் போட்டுப் பழக்கிவிட்டாள் என்றார்கள் வேறு சிலர். அப்படி ஒருத்தி இருந்திருந்தாலும் தேவலை. அவனுக்கு யாரும் இல்லை.

அவன் குடியிருந்த மாடி அறைக்குச் சொந்தக்காரி முத்தாரம்மாள். கீழே நாலைந்து பேருக்குச் சாப்பாடு போட்டுப் பிழைப்பவள். தினமும் ஒரு தடவையாவது அவனைச் சீண்டாமல் விடமாட்டாள்.

"நல்ல சம்பாவாக்கும் தாணு அண்ணே. ஒரு வாய் தின்னா நாக்கு வெந்தா போகும்? இந்த ரப்பரை எத்தனை வருசம் இப்பிடி மென்னுட்டிருப்பிய?"

"மதி, மதி, போதும். ரெண்டு சப்பாத்தி தா. நேரமாச்சு."

அதற்கு மேல் பேச்சு நீளாது. பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் அவனுக்குக் காவல் வேலை. எதிரே பிள்ளையார் கோயில். கோயிலோ பட்டாளத்தின் பொறுப்பில் இருப்பது, எதிரே நிற்கிற காவல்காரனோ கப்பல்படைக்காரன், பிள்ளையாருக்கு என்ன குறை என்று கடைப் பையன்கள் கேலி செய்வார்கள். கல்யாணப் புடவை எடுக்கக் கூட்டம் கூட்டமாக வருகிறவர்களுக்கு அவன் கதவைத் திறந்துவிடுவான். வலது கையால்தான் திறப்பான். இடது கையில் மூன்று விரல்கள் வெந்து ஒட்டிப்போயிருந்தன. அந்தக் கையை எப்போதும் பின்னால் கட்டியிருப்பான். மிடுக்காக நிற்கிறான் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவன் சோற்றைக் கையால் தொடுவான். கர்க்கடக மாத அமாவாசை, நம் ஆடி அமாவாசை, வாவு பலியன்று, சங்குமுகம் கடற்கரையில். சோற்றில் எள்ளைப் போட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, நுனி இலையில் வைத்து, செத்துப்போன ஒருவனுக்குக் கொடுப்பான். அந்த ஒருவன் அவனுடைய அப்பன் இல்லை, அண்ணன் தம்பி இல்லை. பெயர் வன்னியபெருமாள். தூத்துக்குடிக்காரன். தான் அவனுக்குச் செய்த குற்றத்துக்கு மன்னிப்பு வாங்க வேண்டும், அது கிடைக்கிறவரை சோறு இல்லை. தாணுலிங்கம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட தண்டனை அது.

முதல் வருஷம் பலிக்கு உட்கார்ந்தபோது, சடங்கு செய்துவைக்கிற போற்றி கேட்டார்: "மரிச்ச ஆளின்டெ பேரு, நாளு?" பெயர் தெரியும். நட்சத்திரத்துக்கு எங்கே போவது? கப்பல்படையில் ஒருத்தனுக்கு இன்னொருத்தன் எத்தனை ரம் குடித்தால் பாடுவான், தூக்கத்தில் எந்தக் காலால் உதைப்பான் என்பதெல்லாம் தெரியும். எந்த நட்சத்திரத்தில் பிறந்தான் என்று யார் கேட்டார்கள்? பின்னால் இருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். தாணுலிங்கம் சட்டென்று தன்னுடைய நட்சத்திரத்தையே சொல்லிவிட்டான். உத்திரட்டாதி. அது அப்படியே நிலைத்துவிட்டது.

ஈரக் கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிடுவார்கள். அவன் தட்டினால் மட்டும் ஒரு காக்கையும் வராது. பத்தாயிரம் இலை கிடக்கிற கடற்கரையில் காக்கைக்கு என்ன பசி இருக்கப்போகிறது? ஆனால் அவன் அப்படி நினைக்கவில்லை. வன்னியபெருமாளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்தான். போதாக்குறைக்குப் பக்கத்திலேயே விமான நிலையம். வளைகுடாவிலிருந்து வருகிற விமானம் தலைக்கு மேல் தாழ்ந்து இறங்கும்போதெல்லாம் தாணுலிங்கம் தன்னை அறியாமல் மணலில் குப்புற விழுந்துவிடுவான். சுற்றி இருப்பவர்கள் பலியை மறந்து சிரிப்பார்கள். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, பஸ் ஏறி, தனியாக அறைக்குத் திரும்புவான்.

நடந்தது இதுதான். எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பர். ஓகா என்று ஒரு சின்னத் துறைமுகம். ஓகா என்றால் இங்கே ஒருவருக்கும் தெரியாது. துவாரகைக்குப் பக்கம் என்றால் உடனே கையெடுத்துக் கும்பிட்டு, "கிருஷ்ணனைத் தொழுதியா?" என்று கேட்பார்கள். அங்கே படகுகளுக்கு எண்ணெய் கொடுக்கிற பெரிய தொட்டிகள் இருந்தன. அவற்றுக்குக் காவல் நிற்பது, ரயிலில் வரும் சாமான்களை லாரியில் போய் எடுத்து வருவது, இதெல்லாம் தாணுலிங்கத்தின் கோஷ்டிக்கு வேலை. அந்த மெஸ்ஸில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர், இவனும் வன்னியபெருமாளும். ரொட்டியும் பருப்பும் தின்று தின்று இருவருக்கும் நாக்கு செத்துக் கிடந்தது. ரயில்வே ஸ்டேஷன் கேன்டீனில் காயங்குளத்துக்காரன் ஒருத்தன் இருந்தான். சொல்லி வைத்தால் சோறும் மீன் பொரித்ததும் போடுவான். லாரியில் போகிறவனுக்கு அந்த யோகம்.

சண்டை தொடங்கிவிட்டது. அன்று சாயங்காலம் லாரி முறை வன்னியபெருமாளுக்கு, தொட்டிக் காவல் தாணுலிங்கத்துக்கு.

"வன்னியா, இன்னைக்கு ஒரு நாள் மாத்திக்கோடே. சோத்தக் கண்ணால கண்டு மூணு வாரமாச்சு. சத்தியமாட்டு முடியல்ல."

"அப்பம் எனக்கு ஒரு பொதி கெட்டிட்டு வரணும். மீனு இல்லாம வந்தேன்னு வையி, ஒன்னத் தூக்கிக் கடல்ல போட்டுருவேன்."

ஆள் கணக்குச் சரியாக இருந்தால் போதும் என்று மேலதிகாரியான பெட்டி ஆபீசரும் தலையாட்டிவிட்டார். தாணுலிங்கம் போனான். மூன்று முறை சோறு வாங்கித் தின்றான். காயங்குளத்துக்காரன் பாதாம் இலையை வாட்டிச் சோறும் மீனும் வைத்து, செய்தித்தாளைச் சுற்றிச் சணல் கட்டிக் கொடுத்தான். அந்தப் பொதி மடியில் சுடச்சுட இருந்தது. லாரி பாதி வழி வருவதற்குள் இருட்டிவிட்டது. தலைக்கு மேல் விமானச் சத்தம். டிரைவர் விளக்கை அணைத்தான். முதல் குண்டு எங்கோ தண்ணீரில் விழுந்தது. அடுத்தது எங்கே விழுந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துறைமுகம் முழுவதும் பட்டப்பகல் போல வெளிச்சமாகிவிட்டது. எண்ணெய் எரிந்த வெளிச்சம்.

பொதியை லாரியிலேயே போட்டுவிட்டு ஓடினான். வேலிக் கதவு பழுக்கக் காய்ந்திருந்தது தெரியாமல் இடது கையால் பிடித்துத் தள்ளினான். அவ்வளவுதான் அவனுக்கு நினைவு. ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது பக்கத்துக் கட்டில்காரன், "எண்ணெய் டேங்க்கில் காவல் நின்றவன் போய்விட்டான்" என்று யாரிடமோ இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தான். போனது யார் என்று தாணுலிங்கம் கேட்கவில்லை. தெரிந்த பெயரை எதற்குக் கேட்பது? மத்தியானம் தட்டில் வந்த சோற்றைப் பார்த்து வாந்தி எடுத்தான். கை போனதால் படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். தூத்துக்குடிக்கு ஒரு கடிதம் எழுதப் பல முறை உட்கார்ந்தான். எனக்குச் சோறு தின்ன ஆசை வந்தது, அதனால் உங்கள் மகன் செத்தான் என்றா எழுதுவது? எழுதவில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டான். தனக்குக் கிடைத்தது இன்னொருத்தனுடைய ஆயுசு, அதில் பெண்டாட்டி பிள்ளை என்று விரிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம், மண்டல காலம். சபரிமலைக்குப் போகிறவர்கள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போவதில்லை. ரோடு முழுக்கக் கறுப்பு வேட்டிகள். தாணுலிங்கம் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான். தேங்காய்ச் சில்லு ஒன்று பறந்து வந்து அவன் பூட்ஸில் விழுந்தது. குனிந்து அதை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தால், எதிரே தாடியும் தொப்பையுமாக ஒரு சாமி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்.

"ஏல... நீ தாணுலிங்கந்தானல?"

தாணுலிங்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். குரல் அதுதான். முன்பல்லின் சந்து அதுதான். ஆனால் செத்தவனுக்குத் தொப்பை போடுமா? தாடி நரைக்குமா?

"என்னல பேயப் பாத்த மாதிரி முழிக்க? நான் வன்னியபெருமாளுல!"

பேயைத்தான் பார்த்தான். பன்னிரண்டு வருஷமாக எள்ளும் தண்ணீரும் வாங்கிக்கொண்டிருந்த பேய், கழுத்தில் துளசி மாலையோடு அவன் தோளைப் பிடித்து உலுக்கியது. தாணுலிங்கம் அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்தான், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான், அப்புறம் கடை வாசல் என்றும் பாராமல் தேம்பித் தேம்பி அழுதான். இவ்வளவு நாளும் பலியிட்டேன் என்று ஒருவனுடைய முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

"அழாதல. எங்க பஸ்சு கெளம்ப ஒரு மணி நேரம் இருக்கு. வா, எங்கயாச்சும் சாப்பிடுவோம். பசிக்கி" என்றான் வன்னியபெருமாள்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு அடுத்த தெருவில் ஒரு சைவ ஓட்டலுக்குப் போனார்கள். இலை போட்டார்கள். "ஊணா, சப்பாத்தியா?" என்று கேட்டான் பரிமாறுகிறவன்.

"ஊணு" என்றான் தாணுலிங்கம்.

இலையில் சோறு விழுந்தது. ஆவி பறந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குழி பறித்து, சாம்பாரை ஊற்றி, விரல் சுடச்சுடப் பிசைந்து வாயில் வைத்தான். அடேயப்பா! சோறு இவ்வளவு இனிக்கும் என்பது மறந்தே போயிருந்தது. குற்றம் இல்லை, கொலை இல்லை, கோபித்துக்கொண்ட காக்கை இல்லை. எதிரே வன்னியபெருமாள் குத்துக்கல்லாக உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்குகிறான். மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தாணுலிங்கம் வெட்கமில்லாமல் இரண்டாம் முறை சோறு கேட்டான்.

"நீ ஆஸ்பத்திரியில கெடக்கன்னு சொன்னாங்க. மறுநாளே எங்கள பம்பாய்க்கு அள்ளிட்டுப் போயிட்டான். பெறகு ஒன்ன எங்கன்னு தேட?" என்றான் வன்னியபெருமாள்.

"அதிருக்கட்டும். அந்தத் தீயில நின்னு நீ எப்பிடித் தப்பிச்ச?"

"நான் எங்கல அங்க நின்னேன்? சீட்டு வெளையாண்டுட்டு இருந்தோம்லா. கையில அம்சமா சீட்டு வந்து நிக்கி, விட்டுட்டுப் போவ மனசு வரல்ல. அந்த ஒரிசாக்காரன் இருந்தாம்லா, புதுசா வந்தவன், ஒல்லியா? அவனப் போயி நில்லுல தம்பின்னேன். சும்மா நிப்பானா? ஸ்டேஷன்ல இருந்து சோத்துப் பொதி வருது, மீனும் வருது, அது ஒனக்குத்தான்னேன். அவனும் நம்மளப்போல சோத்துப் பயதான. சிரிச்சிக்கிட்டே துப்பாக்கியத் தூக்கிட்டு ஓடுனான்." வன்னியபெருமாள் அப்பளத் தூளை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினான். "பாவம்ல. எனக்கும் ரொம்ப நாளு ஒரு மாதிரியாத்தான் கெடந்துச்சி. நெனச்சா ஒறக்கம் வராது. யுத்தம், என்ன செய்ய?"

தாணுலிங்கத்தின் கையில் உருட்டிய சோறு அப்படியே நின்றது.

"அவன் பேரு என்ன?"

"பேரா? ஏல, ஒரிசான்னுதான கூப்புடுவோம். வந்தே பத்து நாளு ஆவல்ல."

ரசம் வந்தது. வன்னியபெருமாள் தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிச் சொன்னான். தனக்கு உப்பளத்தில் வேலை என்றான். ஒரு தடவை தூத்துக்குடிக்கு வா என்றான். தாணுலிங்கம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அந்த ஒரிசாக்காரனின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றுகொண்டே இருந்தான். முகம் வரவில்லை. காதுவரை இறங்கிய பெரிய தொப்பி ஒன்று, அதன் கீழே மெலிந்த பிடரி, அவ்வளவுதான் வந்தது.

பஸ் கிளம்பியது. சரணம் சொல்லிக்கொண்டே வன்னியபெருமாள் ஜன்னலில் கையை ஆட்டினான். தாணுலிங்கமும் ஆட்டினான். நண்பன் உயிரோடு இருக்கிறான் என்பதில் அவனுக்குச் சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் அன்று அறைக்குத் திரும்பியபோது அவனுக்கு முன்னைவிடத் தனிமையாக இருந்தது. இத்தனை வருஷமும் கூடவே இருந்து கோபித்துக்கொள்ள ஒரு வன்னியபெருமாளாவது இருந்தான். இப்போது அவனும் இல்லை. அவன் இடத்தில் பெயர்கூட இல்லாத ஒருவன் நின்றுகொண்டிருந்தான், பொதிக்காகக் காத்துக்கொண்டு. அந்தப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் தாணுலிங்கம். மறுநாள் முத்தாரம்மாளிடம் மறுபடி சப்பாத்தி கேட்டான்.

பெயரையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று முன்னாள் படைவீரர் ஆபீசுக்குப் போனான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றுதான் கேட்டான். கிளார்க் நல்ல மனுஷன். ஒரு விண்ணப்பத் தாளை எடுத்துக் கொடுத்தார்.

"மரிச்சயாளுமாயிட்டு நிங்ஙள்க்கு எந்தா பந்தம்? அது எழுதணும். எழுதாதெ மேலோட்டு அயக்கான் பற்றில்லா."

அதை எழுதாமல் விண்ணப்பம் மேலே போகாதாம். என்ன உறவு என்று எழுதுவது? தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். அது அங்கேயே பல மாதம் கிடந்து மடிப்பில் கிழிந்தது.

கர்க்கடக வாவு வந்தது. முந்தின நாள் சாயங்காலம் தாணுலிங்கம் படியிறங்கி வந்து முத்தாரம்மாளிடம் கேட்டான்.

"நாளைக்கு வெளுப்புக்கு ஒரு பொதிச்சோறு கெட்டித் தரணும். மீன் பொரிச்சது வேணும். நல்ல துண்டமாட்டு."

முத்தாரம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சோறா? உங்களுக்கா? அதும் வாவு அன்னைக்கு மீனா? பலிக்குப் போற மனுஷன் ஒருநேரம் விரதம் இருக்காண்டாமா? தோஷமாக்கும் அண்ணே!"

"எனக்கில்ல. வேற ஒருத்தனுக்கு. கொடுக்கேன்னு சொன்னது."

அவன் குரலில் என்ன இருந்ததோ, அவள் கேலி பேசவில்லை. விடியும் முன்பே எழுந்து வாழை இலையை வாட்டிச் சோறும் துவையலும் நெய்மீன் துண்டமும் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். இதற்கு என்ன விலை என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சங்குமுகத்தில் எப்போதும் போலக் கூட்டம். முழங்கால்வரை ஈரத்தோடு வரிசையில் உட்கார்ந்தான். பொதியை மேல்துண்டுக்குள் வைத்திருந்தான். சூடு வயிற்றில் பட்டுக்கொண்டிருந்தது. போற்றி கேட்டார்.

"பேரு?"

"அறிஞ்சூடா."

"நாளு?"

"அதும் அறிஞ்சூடா."

பெயரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது என்றதும் போற்றி நிமிர்ந்து பார்த்தார். "பின்னெ ஆரா மரிச்சது? நிங்ஙளுடெ ஆரா?"

"எனக்குப் பதிலா நின்னவன்" என்றான் தாணுலிங்கம், தமிழிலேயே.

போற்றிக்கு அது எவ்வளவு புரிந்ததோ. "மதி. ஆ ஆளெ மனசில் நினச்சோ" என்று தர்ப்பையைக் கையில் கொடுத்தார். எள்ளும் சோறுமாக உருண்டையை வைத்து, இலையைத் தலையில் தாங்கி, கடலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் பின்னால் விட்டான். அது முறைப்படி செய்தது.

அப்புறம் கூட்டத்தை விட்டு விலகி, வடக்கே வெகு தூரம் நடந்தான். ஆள் இல்லாத இடம் பார்த்து உட்கார்ந்து, பொதியை மணலில் வைத்துக் கட்டை அவிழ்த்தான். வாடிய இலையின் மணமும் மீனின் மணமும் எழுந்தன. ஈரக் கையைத் தட்டினான். ஒட்டிப்போன விரல்களால் சத்தம் சரியாக வரவில்லை. மறுபடி தட்டினான்.

தலைக்கு மேல் விமானம் இறங்கிற்று. உடம்பு வழக்கம்போலக் குப்புற விழப் பார்த்தது. ஆனால் விழுந்தால் சோற்றில் மண் விழும். தாணுலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு இலையின் மேல் கவிந்து, இரண்டு கைகளாலும் அதை மூடியபடி அசையாமல் இருந்தான். சத்தம் போன பிறகு மெதுவாகக் கைகளை எடுத்தான்.

ஒரு காக்கை வந்தது. பொரித்த மீன் வாசனைக்குக் காக்கை வருவது ஒரு அதிசயமா என்று கேட்பீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். அவனுக்கு அந்தக் கேள்வி இல்லை. காக்கை தலையைச் சாய்த்து அவனை ஒரு முறை பார்த்துவிட்டு, மீனைக் கொத்தி, பிறகு சோற்றையும் கொத்தியது.

ஒரிசாக்காரனுக்குத் தமிழ் தெரியாது, மலையாளம் தெரியாது. அதனால் தாணுலிங்கம் பன்னிரண்டு வருஷமாக வாயில் வராத மெஸ் இந்தியில் பேசினான்.

"மாஃப் கர்னா, பாய். தேர் ஹோ கயீ."

மன்னித்துக்கொள் தம்பி, வர நேரமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். காக்கை தின்று முடிக்கும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.